வாழ்த்தும் நண்பர்கள்

2015 அக்டோபர் 9, வெள்ளி

தமிழ் பேச ஆளில்லாமல் நாக்கு மரத்துப்போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் தெரிந்துகொள்ளட்டும்: பெயர் பேச்சிராஜா, வயது இருபத்தாறு, ஊர் கோவில்பட்டி, தொழில் ஃபிளெக்ஸ் டிசைன். தற்சமயம் இருப்பது ஈராக்கின் வடக்கே, குர்து மக்களின் ஊரான சுலைமானியாவில். நவ்ஸாத் என்பவரின் கல்யாண ஸ்டுடியோவில் ஃபிளெக்ஸ் மிஷின் ஓட்டுகிறேன், ஆள் குறைந்தால் கேமராவும் பிடிக்கிறேன். காரில் இரண்டு மணி நேரம் தென்மேற்கே போனால் சண்டை நடக்கிறது. இங்கே கல்யாணம் நடக்கிறது.

நேற்று ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம். மூன்று டிரோன், ஆளுயரக் கேக், அதை வெட்ட வாள். மாப்பிள்ளையின் அப்பா தினமும் டிவியில் வந்து மண்ணைக் காப்போம் என்கிறார். மகன் காத்தது ஸ்வீடனில் ஒரு ஃபிளாட்டை. மண்டப வாசலில் காவலுக்கு நின்றவன்தான் போர்முனையிலிருந்து முந்தாநாள் வந்தவன். அவன் பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்து, கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. அந்தப் பூட்ஸை நாலு கோணத்தில் எடுத்தேன்.

"மாப்பிள்ளையை எடுடான்னு கூட்டிட்டுப் போனா காவக்காரன் காலை எடுத்துட்டு வந்திருக்கான் கோட்டிப்பய!" என்று நவ்ஸாத் ஸ்டுடியோ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இவர்கள் பேசுவது குர்தி. பாதி புரியும், மீதியைக் கையும் கண்ணும் சொல்லிவிடும். ஆனால் என் காதில் எல்லாமே கோவில்பட்டியாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

கத்ரீனிடமிருந்து மெயில். ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரி. ஸ்டுடியோவில் பேட்டரி சார்ஜ் போட வந்தவள், என் படங்களைப் பார்த்துவிட்டு, "போர்க்காலத்து அன்றாட வாழ்க்கை, இருபது படம் கொடு, எங்கள் பத்திரிகையில் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினாறு அனுப்பிவிட்டேன். இன்றைய பதில்: "மிக அழகு. ஆனால் போர் எங்கே?"

போர் எங்கேயாம். நான் அனுப்பிய படத்தில் மொட்டைமாடியில் ஒரு பெண் மிளகாய் காயப்போடுகிறாளே, மேலே போகும் விமானத்தைப் பார்க்கக்கூட அவள் தலையைத் தூக்கவில்லையே, அது என்ன? டாக்சி டிக்கியில் துப்பாக்கியும் தர்பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறதே, அது பொருட்காட்சியா? இவர்களுக்கு ஒரு அம்மா அழ வேண்டும். அழும் அம்மா இல்லாவிட்டால் அது போர் இல்லை, சுற்றுலா.

பதில் எழுதவில்லை. மிச்சம் நாலு படம்.

அக்டோபர் 13, செவ்வாய்

அந்தத் தர்பூசணிக்காரனைப் பற்றி எழுத வேண்டும். ஹேமின். என் வயதுதான். பெஷ்மர்கா, அதாவது குர்துகளின் போர்வீரன். பத்து பன்னிரண்டு நாள் போர்முனை, பத்து பன்னிரண்டு நாள் ஊரில் டாக்சி. நான் தங்கியிருப்பது அவன் வீட்டு மாடி அறையில். அவன் அம்மா ஹப்சாவை நான் பூரா என்று கூப்பிடுகிறேன். பூரா என்றால் அத்தை. கவிழ்த்துப்போட்ட இரும்புச் சட்டிமேல் வேட்டி போல் மெல்லிய ரொட்டி சுட்டுத் தெருவுக்கே விற்கிறார். நான் ரெண்டு ரொட்டியோடு எழுந்தால், "உங்க ஊர்ல ஆம்பிளைக சாப்பிடவே மாட்டாங்களா, இல்ல நீ மட்டும்தான் இப்படி ஓணான் மாதிரியா?" என்பார்.

ஹேமினுக்குப் பார்த்திருக்கும் பெண் ஷிலான், ஸ்டுடியோவில் எனக்கு அடுத்த நாற்காலி. நவம்பர் 6 கல்யாணம். கம்ப்யூட்டரில் முகம் திருத்துவதில் இந்த ஊரில் அவளை அடிக்க ஆளில்லை. மணப்பெண்களின் பருவையும் அவள்தான் அழிக்கிறாள், செத்துப்போன வீரர்களின் படங்களையும் அவள்தான் செய்கிறாள். சீருடையில் ஒற்றை ஆள், பின்னால் கொடி, மலை. தெருக்கம்பங்களில் தொங்கும். அந்த வேலையை மட்டும் நவ்ஸாத் எனக்குத் தருவதில்லை.

"அது எங்க ஆளு செய்யணும், ராஜா ஜியான்." ஜியான் என்றால் உயிர், கண்ணு என்பது போல. திட்டும்போதும் ஜியான்தான்.

இன்று ஷிலானிடம், "கல்யாணத்துக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"உன் வாயை ரெண்டு நாளைக்கு மூடி வச்சிரு, அது போதும்."

அக்டோபர் 16, வெள்ளி

விடியும் முன்பே ஹேமின் போர்முனைக்குப் போய்விட்டான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா போன் செய்தாள். "டிவில குண்டு போடுதான்லே, நீ எங்கருக்க?" மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "இவ்ளோ பெருசா! கிலோ என்ன வெல?" என்றாள். கவலை அதோடு தீர்ந்தது.

அக்டோபர் 19, திங்கள்

ஒரு ஐடியா.

ஷிலான் கல்யாண லீவில் போய்விட்டாள். நவ்ஸாத் மிஷினுக்கு ஏதோ பார்ட்ஸ் வாங்க எர்பில் நகரத்துக்குப் போய்விட்டார். மிஷின், மை, நான், மூன்றும் தனியாக இருக்கிறோம். ஹேமினுக்கு ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டப்போகிறேன். நம் ஊர் ஸ்டைல். இந்த ஊர் கண்டிருக்காது.

எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் என்பது வெறும் ஃபிளெக்ஸ் இல்லை. யார் தலை பெரிது, யார் தலைக்கு மேல் யார் தலை, எந்தச் சாதித் தலைவர் மூலையில், இதற்கெல்லாம் அரிவாள் எடுத்திருக்கிறார்கள். ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸில் மாமன் தலையை மச்சான் தலையைவிட அரை இஞ்ச் சிறிதாக வைத்ததற்கு என்னைக் கடைக்குள் வைத்தே அடித்தார்கள். அடித்த இரண்டு கோஷ்டியும் மறுவாரம் அடுத்த ஆர்டரோடு வந்தது. அந்த எரிச்சலில்தான் ஏஜெண்டைப் பிடித்து இங்கே வந்தேன். ஆனால் கை அந்த வேலைக்கு ஏங்குகிறது. இங்கே எந்தத் தலையை எங்கே வைத்தாலும் கேட்க நாதியில்லை. சுதந்திரம்!

பத்துக்கு எட்டு அடி. நடுவில் ஹேமின், சீருடையில், இடுப்புக்கு மேல். கோட்டு சூட்டில் அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி இருக்கிறான். பின்னால் சூரிய உதயம், இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா, கீழே ரோஜா. அடியில் கல்யாணத் தேதி. அதற்கும் கீழே நம் ஊர் முத்திரை: வாழ்த்தும் நண்பர்கள் வரிசை. ஹேமின் எனக்கு அனுப்பியிருந்த அவன் படைப்பிரிவின் குரூப் போட்டோவிலிருந்து தலைகளை வெட்டி, ஆளுக்கொரு வட்டம் போட்டு வரிசையாக வைத்தேன். எல்லாப் பயலும் பல்லைக் காட்டிக்கொண்டு அம்சமாக இருக்கிறான்கள்.

ஷிலான் படத்தை வைக்கவில்லை. பெண் படத்தைத் தெருவில் தொங்கவிட்டால் அவள் அப்பா என்னைத் தொங்கவிடுவார். எனக்கும் விவரம் உண்டு.

அக்டோபர் 22, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

எதிரே இருக்கும் பழக்கடைக்காரரிடம் முந்தின நாளே ஏணி வாங்கி வைத்திருந்து, நேற்றுக் காலையில் அவர் கடை திறக்கும் முன்பே கட்டி முடித்தேன். வெயில் பட்டதும் ஹேமினின் முகம் தகதகவென்று இருந்தது. பூரா பார்த்துச் சிரிப்பதை எடுக்க வேண்டும் என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். மிச்சமிருக்கும் நாலில் ஒன்று தேறும் என்று கணக்கு.

முதலில் வந்தது பழக்கடைக்காரர். அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மரியாதை என்று நினைத்தேன். அடுத்து ஒரு பெண், வாயில் கைவைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். ஆச்சரியம் என்று நினைத்தேன்.

அப்புறம் பூரா வந்தார். கையெல்லாம் மாவு. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நடுத்தெருவில் நின்று பார்த்தார். மகனைப் பார்த்தார், கீழே வட்டத்துக்குள் இருந்த தலைகளைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். கத்தவில்லை. அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தெருவே வெளியே வந்துவிட்டது. பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரன் சொல்லாமலே பெரிய கெட்டிலை ஏற்றினான். பழக்கடைக்காரர் வந்து என்னைத் தோளோடு அணைத்து, "எய்யா, நீ அவங்கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தியே" என்று அழுதார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். ஆமாம், அப்போதுதான் கேட்டேன்.

அவர் ஃபிளெக்ஸைக் காட்டினார். வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த என் வாழ்த்தும் நண்பர்களில் இரண்டு பேர் ஜூலையிலேயே செத்துப்போனவர்கள். இந்தத் தெருவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சீருடையில் ஒற்றை ஆள், வானம், புறா, பக்கத்தில் செத்தவர்கள் இரண்டு பேர், அடியில் ஒரு தேதி. இதை இந்த ஊரில் எந்த மடையனும் ஒரே மாதிரிதான் படிப்பான். கொடியும் கறுப்பு ரிப்பனும் இல்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதையா தேடுவார்கள்?

கல்யாணம், கல்யாணம் என்று கத்தினேன். என் குர்தி அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. ஹேமினின் போன் கிடைக்கவில்லை. அங்கிருப்பவர்களில் யார் யாருக்கோ சுற்றி, கடைசியில் அவன் கமாண்டரின் போனில் பிடிப்பதற்குள் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அவன் டாமினோ ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். பூரா போனைக் காதில் வைத்துக்கொண்டு, குரலை நம்பாமல், "சின்னதுல நீ எதைத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போன?" என்று கேட்டார். அவன் "நாஃப்தலின் உருண்டை" என்றான். ஸ்பீக்கரில் தெருவே கேட்டது. அதன்பின் அவனை மூச்சுவிடாமல் திட்டினார். செத்துப்போனதற்கு, சாகாமல் இருந்ததற்கு, போனை எடுக்காததற்கு, அந்த உருண்டைக்கு.

முடித்துவிட்டு ஒற்றைச் செருப்பைக் கையில் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். அசையாமல் நின்றேன். மூன்று அடி. நாலாவதுக்கு அவரே செருப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் மாவு.

அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்திலேயேதான் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 23, வெள்ளி

ஷிலானின் அப்பா வந்தார். டீ கொடுத்தார்கள், தொடவில்லை.

"உயிரோட இருக்கவனுக்கு ஒப்பாரி வச்சுட்டீங்க. அது நல்லதில்ல. எம்பொண்ணை எப்படிக் கொடுக்கிறது?"

எர்பிலிலிருந்து பார்ட்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த நவ்ஸாத்தான் பேசினார். "மச்சான், தப்பு எங்க கடை மேல. ஆனா இவன் இந்தியாக்காரன். அவங்க ஊர்ல உயிரோட இருக்கவன் படத்தைத்தான் தெருவுல கட்டுவாங்களாம்." எல்லோரும் என்னை ஒரு விலங்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கடைசியில் கிழவர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அந்த நாளின் தடம் எதுவும் மிஞ்சக்கூடாது. பலகையை எரிக்க வேண்டும், எவன் போனிலாவது படம் இருந்தால் அழிக்க வேண்டும். எங்கேயாவது ஒன்று அவர் கண்ணில் பட்டால் கல்யாணம் இல்லை.

சாயங்காலம் வரை நானும் நவ்ஸாத்தும் வீடு வீடாகப் போனோம். போனை வாங்கி, படத்தைத் தேடி, அழித்து, திருப்பிக் கொடுத்தோம். ஒருத்தன் போனில் வேறு எதையோ பார்த்துவிட்டு நவ்ஸாத் காதைத் திருகி அதையும் அழிக்க வைத்தார். ஃபிளெக்ஸ் எரியவில்லை, உருகியது. நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

என்னிடமும் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 25, ஞாயிறு

கத்ரீனுக்குப் படம் பிடித்திருக்கிறதாம்.

அக்டோபர் 27, செவ்வாய்

சரி, எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டிடமும் பொய் சொன்னால் வேறு யாரிடம் பேச?

எடுத்தேன். பூரா ரோட்டில் உட்கார்ந்த நொடியில் எடுத்தேன். எண்ணவில்லை, யோசிக்கவில்லை, விரல் அமுங்கிவிட்டது. மாவுக்கை இரண்டும் காற்றில், ஒற்றைச் செருப்பு, பின்னால் தொப்பியில்லாத பழக்கடைக்காரர். ஃபிளெக்ஸின் ஓரம் மட்டும், ஒரு புறாச் சிறகு மட்டும் தெரிகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். அதை முந்தாநாள் சின்ன சைஸில் கத்ரீனுக்கு அனுப்பினேன், ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல்.

அட்டைப்படமாம். வசந்த காலத்தில் ஹாம்பர்கில் கண்காட்சியாம், விமானச் சீட்டு அவர்கள் செலவாம். "மகனின் பெயர் என்ன, எங்கே கொல்லப்பட்டான்?" என்று கேட்டிருக்கிறாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. போர் எங்கே என்று கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அழுகை உண்மைதானே? எந்த நடிப்பும் இல்லையே? அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மகன் இல்லைதானே? இப்படி எல்லாம் நாள் முழுக்க ஃபிளெக்ஸ் மிஷினோடு வாதாடிக்கொண்டிருந்தேன். பூரா மதியம் அரிசி அடைத்து வேகவைத்த கத்தரிக்காய் டோல்மா கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு ஆள் சாப்பாடு. முழுசாகச் சாப்பிட்டேன். நானும் ஒரு மனுசன்.

அக்டோபர் 28, புதன்

மகன் உயிரோடு இருக்கிறான் என்று கத்ரீனுக்கு எழுதினேன். ஃபிளெக்ஸ் கதை முழுவதையும் சொன்னேன். பதில் உடனே வந்தது. முதலில் சிரிப்புப் பொம்மை. அப்புறம்: "அப்படியானால் 'துக்கத்தில் ஒரு தாய், சுலைமானியா' என்று மட்டும் போடுவோம். அது பொய்யில்லையே. வெள்ளிக்கிழமைக்குள் பெரிய ஃபைல் வேண்டும். அவரிடம் சம்மதம் மட்டும் கேட்டுவிடு."

மட்டும்.

அக்டோபர் 29, வியாழன்

ஹேமின் வந்துவிட்டான். முதுகில் ஓங்கி ஒரு அறை, அப்புறம் கட்டிப்பிடி.

"லேய், என்னைக் கொன்னவனே! கேம்ப்ல எம்பேரே மாறிப்போச்சு. 'செத்தவனுக்கு மொதத் தட்டு வைங்கடா'ன்னு சோறு போடுதாங்க. காவல் டூட்டி கிடையாது, செத்தவன் எதுக்கு முழிச்சிருக்கணும்னு. நல்ல காரியம் பண்ணுன போ!"

பூரா அடுப்படியிலிருந்து கரண்டியை வீசினார். அவன் குனிந்துகொண்டான், எனக்குப் பட்டது.

சம்மதம் கேட்கவில்லை. வீடு நிறைய ஆட்கள்.

அக்டோபர் 30, வெள்ளி

கேட்கவில்லை. திங்கள் வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 31, சனி

காலையில் ஷிலான் திடீரென்று ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாண அழைப்பில் பெயரை நவ்ஸாத் தப்பாகப் போட்டுவிட்டார், அதைத் திருத்த. நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், அழைப்பைத் தேடி அவள் திறந்திருந்த என் கம்ப்யூட்டரில், திரை முழுக்க, பூரா.

ஷிலான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பெரிதாக்கித்தான் பார்ப்பாள், தொழில் புத்தி. முகத்தைப் பெரிதாக்கினாள், கைகளைப் பெரிதாக்கினாள். அப்புறம் மறுபடி முழுப் படம்.

"எடுத்தியா," என்றாள். கேள்வி இல்லை.

"அழிச்சிருதேன்."

"கையை எடு. இது எங்கயாவது போயிருக்கா?"

சொன்னேன். ஜெர்மனி, அட்டைப்படம், எல்லாம். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பா இதைப் பாத்தா கல்யாணம் போச்சு, தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே வச்சிருக்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்து ஹேமினைக் கூப்பிட்டாள். "டாக்சியை இங்க விடு. இப்பவே."

"அவனை எதுக்கு?" என்று பதறினேன்.

"செத்தவங்க முகத்தை நான் ஒரு வருசத்துக்கு மேலா திருத்துறேன். கண்ணைத் திறந்து வைக்கிறேன், வாயைச் சிரிக்க வைக்கிறேன். ஒருத்தனாவது அதுக்கப்புறம் வீட்டுல நடக்கறதைப் பாத்திருக்கானா? இவன் ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட என்ன சொல்லுவான் தெரியுமா? 'எனக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அழகா ஒரு போஸ்டர் செஞ்சு வையி.' கேலி அவனுக்கு. பாக்கட்டும்."

"அது ஒருமாதிரி மிரட்டுறதுல்ல?"

"ஆமா. நீ செஞ்சது மட்டும் என்னதாம்?"

ஹேமின் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தான். "என்ன, அழைப்புல எம்பேரு மாறி மாப்பிள்ளை வேற ஆளா?" என்று சிரித்தபடி திரையைப் பார்த்தான். "ஏ, எங்கம்மா! ஒத்தச் செருப்போட..." சிரிப்பு பாதியில் நின்றது.

கையிலிருந்த விதைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஷிலான் அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். கரண்ட் போய்த் தெரு ஜெனரேட்டருக்கு மாறியதில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. திரை கறுத்து, மறுபடி வந்தது. பூரா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஜூலைல என் பக்கத்துல ரெண்டு பேரு," என்றான் ஹேமின். பிறகு என்னிடம், சாதாரணமாக, டாக்சிக்காரனாக வழி கேட்பது போல:

"ராஜா, இதை யாருக்கும் காட்டாத. எனக்கும்."

அழித்தேன். கார்டில், கம்ப்யூட்டரில், குப்பைப் பெட்டியில். ஷிலான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு இடமாகக் கைகாட்டி அழிக்க வைத்தாள். கத்ரீனுக்கு அவள் கண் முன்னாலேயே எழுதினேன்: படம் இல்லை, சின்னதையும் தயவுசெய்து அழித்துவிடு.

அழைப்பில் பெயரைத் திருத்திக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் டாக்சியில் போனார்கள். வண்டி கிளம்ப நேரமானது. கண்ணாடி வழியே பார்த்தேன், அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

கத்ரீன்: அழித்துவிட்டாளாம். புரிகிறதாம். மற்றவற்றிலிருந்து நாலு படம், உள்பக்கத்தில், சின்னதாக. தர்பூசணி அதில் உண்டு. ஹாம்பர்க் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நாள் முழுக்க வயிற்றெரிச்சல். புண்ணியம் செய்தவனுக்கு இருக்கும் என்கிறார்களே, அந்த நிம்மதியெல்லாம் ஒன்றையும் காணோம்.

நவம்பர் 6, வெள்ளி

கல்யாணம் நடந்தது! கால் வீங்கிவிட்டது, அதனால் சுருக்கமாக.

மண்டபமில்லை, ஊருக்கு வெளியே புல்வெளி. ஒருவர் சுண்டுவிரலை ஒருவர் கோத்துக்கொண்டு, தோளோடு தோள் உரச, நூறு பேர் ஒரே வரிசையாக ஆடினார்கள். வரிசை அறுபடவும் இல்லை, நிற்கவும் இல்லை. பூரா ஜிகினாப் பாவாடையும் பொன் இடுப்புப் பட்டையுமாக ஆளே மாறிப்போயிருந்தார். ஷிலானின் அப்பா வரிசையின் முதல் ஆளாகக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தார், முழங்கால்வலி என்று போன வாரம் சொன்ன அதே ஆள். நவ்ஸாத் பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் பாடி, அது தமிழ்ப் பாட்டு என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னார். மறுத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஜூலையில் செத்தவர்களின் அம்மாக்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் இருந்த பக்கம் நான் போகவில்லை. அவர்களில் ஒருவர் தானே எழுந்து வந்தார்.

"அந்தப் பலகைல எம்பிள்ளை இருந்தானாமே."

"மன்னிச்சிருங்க."

"அது கிடக்கட்டும். சிரிச்சுக்கிட்டா இருந்தான்?"

"ஆமா. பல்லு தெரிய."

"அவனுக்கு ஒரு பல்லு முன்னால ஏறியிருக்கும்."

"தெரிஞ்சுது," என்றேன். உண்மையில் தெரிந்தது. அந்த வட்டத்தை வெட்டும்போது பார்த்திருக்கிறேன்.

தலையசைத்துவிட்டுப் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

நவம்பர் 10, செவ்வாய்

ஹேமின் இன்று கிளம்பினான். ஷிலான் இந்தப் பத்து நாளில் அவனிடம் என்ன பேசினாள், அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மாடி அறைக்கு எல்லாச் சத்தமும் கேட்காது. காலையில் அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான், அவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

வேலைக்குக் கிளம்பிய நானும் நின்றேன். கேமரா கழுத்தில். நண்பர்களின் பிக்கப் வண்டி தெருவில் நின்று ஹாரன் அடித்தது. உள்ளே இருந்தவன், "செத்தவன் எங்கப்பா?" என்று கத்தினான். ஹேமின் பையைத் தூக்கி வண்டியில் போட்டான், தானும் ஏறினான். வண்டி பத்தடி போய் நின்றது. இறங்கித் திரும்பி வந்தான்.

"என்னத்தை மறந்த?" என்றார் பூரா. அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்திருந்தார், கையில் மாவு.

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்றால், தெருவில் யாரும் அப்படி நிற்கமாட்டார்கள், அவ்வளவு நேரம். பூராவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னடா அப்படிப் பாக்க? எம்மூஞ்சில என்ன இருக்கு?"

அந்த இரண்டு முகங்களும், நடுவில் ஓரடி வெளிச்சமும். என் விரல் பொத்தான் மேல் இருந்தது. ஒளி, தூரம், எல்லாம் சரியாக இருந்தது.

"பூரா," என்றேன். "எடுக்கட்டுமா?"

"இருய்யா இருய்யா, இந்தக் கோலத்திலயா? தலைத்துணியைச் சரிபண்ணிக்கிறேன்."

ஜன்னல் கண்ணாடி பக்கம் திரும்பினார். மாவுக்கையைப் பாவாடையில் துடைத்தார், துணியை இழுத்துவிட்டார், காதோர முடியை உள்ளே தள்ளினார். ஹாரன் மறுபடி நீளமாக அடித்தது. ஹேமின் ஷிலானைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஓடினான். வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

பூரா நிமிர்ந்து, தோளை நேராக்கி, சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"ம், இப்ப எடு."

எடுத்தேன்.